சைமன் ஸ்டெவின்

மலைச்சரிவிலே பாரவண்டி இழுப்போர் யாவரும் ஓர் உண்மையை அறிவர். செங்குத்தான குறுவழியினும் சாய்ந்த நெடுவழியே இழுத்தற்கு எளிது. அவ்வெளிமை எத்துணையது என்பதை யாவரும் கண்டு தெளியுமாறு விளக்கிய பேரறிஞர் சைமன் ஸ்டெவின் ஆவர். பௌதிக வகுப்பிற் புகும் மாணவர் முதற்கண் பயிலும் விசை முக்கோணத்திற்கு அடிகோலியவரும் இவரே.

இவர் 1548-ஆம் ஆண்டில் பிளாண்டர்ஸ் நாட்டுப் புரூஜஸ் நகரிற் பிறந்தார். இளமையில் ஆண்ட்வெர்ப் நகரிற் கணக்கெழுதினார். பின்னர்த் தம் ஊரில் வரித்துறையில் அலுவல் பார்த்தார். 1581-ல் ஒல்லாந்திலுள்ள லெய்டன் நகருக்குக் குடிபெயர்ந்து, 35 வயதை அணுகிய காலத்தில், 1583-ல், அந்நகர்ச் சர்வகலாசாலையில் மாணவராகச் சேர்ந்தார். கல்விக்குக் காலங்கடந்தது என்று அவர் கருதினாரல்லர்.

1586-ல் வெளிவந்த அவர்தம் நிறைக்கலை நூலிலே ஓர் அரிய சித்திரம் உண்டு. ஒரு முக்கோணம், அதன் அடிப்பக்கம் தரைக்கு இணையாக நிற்கின்றது, சாய்ந்த பக்கங்கள் இரண்டனுள் ஒன்று மற்றொன்றினும் இருமடங்கு நீண்டது. ஒரே எடையுள்ள 14 குண்டுகளைக் கோத்த மாலை ஒன்று அதன்மேல் இடப்பட்டுள்ளது. நெடும்பக்கத்தில் 4 குண்டுகளும் குறும்பக்கத்தில் 2 குண்டுகளும் கிடக்க, எஞ்சிய 8 கீழே தொங்குகின்றன. இம்மாலை தானே நகருமோ? நகருமாயின், ஒரு குண்டு சென்ற இடத்தில் மற்றொன்று வந்து நிற்கும். நிலைமை முன்போலவே ஆகும். ஆகவே அது முடிவின்றிச் சுழலவேண்டும். அஃது இயலாதாகலின் மாலை அசையாது. கீழே தொங்குவன இருபுறமும் ஒப்ப இழுத்தலின், அவற்றை நீக்கினும் சமநிலை கெடாது. எனவே நெடுஞ்சரிவிலுள்ள நான்கும் குறுஞ்சரிவிலுள்ள இரண்டும் தம்முள் ஈடாம். சரிவு இருமடங்கு நீளின், ஒரு குண்டு அதன்வழியே இழுக்கும் விசை பாதியாகும். சூத்திரம் ஒன்றுமின்றிச் சிந்தனை ஒன்றாலேயே பெற்ற முடிபு இது!

இதனின்று அவர் மேலுஞ் சென்றார். விசைக்கு அளவு மட்டும் போதாது, திசையும் வேண்டும். மூன்று விசைகள் ஒரு பொருளை இழுத்தும் அஃது அசையாது நிற்குமாயின், அவற்றை ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களாக வரையலாம். இக்கருத்தையே 1687-ல் நியூட்டனும் வரிஞோனும் விசைகளின் இணைகரமாக விரித்து வகுத்தனர். வெக்டர் என இன்று வழங்கும் கணிதத்தின் வித்து ஈண்டு உளது.

டெல்ப்ட் நகரில் தம் நண்பருடன், ஒன்றினொன்று பதின்மடங்கு எடையுள்ள இரு ஈயக்குண்டுகளைச் சுமார் 30 அடி உயரத்தினின்று வீழ்த்தி, இரண்டும் ஒருங்கே தரைசேர்ந்தமை கண்டதும் இவரே. மாரிஸ் இளவரசருக்குக் கணித ஆசானாகவும் படைத்துறைப் பொறியாளராகவும் விளங்கினார். அவருக்கென இவர் அமைத்த பாய்மர வண்டி சுமார் 1602-ல் இருபதின்மருக்கு மேற்பட்டோரைச் சுமந்து கடற்கரை மணலில் விரைந்தோடியது.

நிற்க. கற்றோர் யாவரும் இலத்தீனில் எழுதிய காலத்தில், இவர் தம் நூல்களுட் பெரும்பாலனவற்றைத் தாய்மொழியாகிய டச்சு மொழியிலேயே இயற்றினார். தச்சரும் மாலுமியரும் நில அளவையாளரும் அறியாத சாஸ்திரம் நாட்டிற்கு உதவாது என்பது இவர் துணிபு. கணிதத்திற்கு இவர் வழங்கிய சொல்லின் வழிவந்த சொல்லே இன்றும் டச்சு மாணவர் நாவில் வழங்குகின்றது. இத்துணிபிற்கு விலையும் உண்டு. பிறநாட்டார் அம்மொழி அறியாமையால், இலத்தீனிலும் பிரெஞ்சிலும் பெயர்க்கப்படுங்காறும் இவர் கண்ட உண்மைகள் அவரிடையே பரவாது நின்றன. எனினும் தம் மக்களை விட்டுப் புகழைத் தேடிச் சென்றாரல்லர்.

1620-ஆம் ஆண்டில் ஸ்டெவின் மறைந்தார். 1846-ல் புரூஜஸ் நகரத்தார் அவருக்குச் சிலை எடுத்தனர். தாய்மொழி அறிவியலைத் தாங்குமோ என்று ஐயுறுவோர் அவர் வாழ்வை ஒருகால் நோக்குவாராக. மொழி தாங்கும், தாங்கச்செய்யும் தோள்களே வேண்டுவன.