மணலில் எழுதித் தமிழ் படித்தவர்

குழந்தைகளே! 'அ' எழுதிப் பழக உங்களுக்கு எத்தனை நாளாயிற்று? ஏறக்குறைய 24 வயதான வெளிநாட்டு இளைஞர் ஒருவர், உங்களைவிடச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அவர்தான் சீகன்பால்கு.

ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் 1682-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் இவரையும் நண்பர் புளுட்சோவையும் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். 1706 ஜூலை 9-இல் வந்து சேர்ந்தார்கள்.

தரங்கம்பாடி அப்போது டென்மார்க் வணிகர்களின் கையில் இருந்தது. ஊரில் சீயோன் ஆலயம் என்று ஒன்று இருந்தது. ஆனால், அங்கே வழிபாடு டேனிஷ் மொழியில்! நம் ஊர்ப் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தால் என்ன புரியும்? அதனால்தான் சீகன்பால்கு முதலில் தமிழ் படிக்கத் தொடங்கினார். வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, அந்தப் பிள்ளைகளோடு தாமும் ஒரு மாணவராக உட்கார்ந்துவிட்டார்.

1707-இல் அவரே பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி உண்டு. முந்நூறு ஆண்டுக்கு முன்பு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள்! ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். அவர்கள் படித்தது ஓலைச்சுவடியில்.

அதே ஆண்டு ஆகஸ்டு 14-இல் எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. இங்கே தமிழிலேயே பிரசங்கம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்து, தமிழில் பாடி, தமிழில் ஜெபித்தார்கள். சமயப் பாடத்தில் கேள்வியும் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். ஆம், பரீட்சை ஆலயத்துக்குள்ளும் வந்துவிட்டது!

இதெல்லாம் அங்கிருந்த டேனிஷ் ஆளுநருக்குப் பிடிக்கவில்லை. 1708-இல் சீகன்பால்குவைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம்! பள்ளிக்கூடத்தை நடத்தவே ஆளில்லாமல் போயிருக்கலாம். ஆனால், வெளியே வந்ததும் அவர் பழைய வேலையையே தொடர்ந்தார்.

பிறகு அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் வார்த்து அனுப்பினார்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. ஓலையைப் புரட்டிய பிள்ளைகளின் கையில் காகிதப் புத்தகம்! காகிதம் செய்யப் பொறையாறு பக்கம் ஒரு பட்டறையும் வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கூட்டம் பெருகவே, புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். 1718 அக்டோபரில் அதைத் திறந்து வைத்தார். அடுத்த பிப்ரவரி 23-இல் காலமானார். வயது 36 தான்.

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போனால் அந்த ஆலயத்தைப் பாருங்கள். முகப்பில் டென்மார்க் அரசரின் மகுடச் சின்னம் இருக்கும். உள்ளே, பலிபீடத்தின் முன்னே அவருடைய கல்லறை இருக்கிறது.