பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு

ஆரணிப் பட்டின் அழகைக் கண்டு மகிழ்வோர் பலர். அதனை நெய்த விரல்களை நினைப்போர் சிலரே. திறமையின் பயனை ஏற்று, திறமை உடையாரை மறத்தல் உலகில் அடிக்கடி நிகழ்வது. மறப்பதோடு நில்லாது, அவரைப் பிறப்பின் பெயரால் ஒதுக்கியும் வைத்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. அக்காலத்தில் தம் இடக்கை விரல்களின் வன்மையால் உயர்ந்தவர் பல்வங்கர் பாலு. இந்தியக் கிரிக்கெட்டின் முதற்பெரும் பந்து வீச்சாளராக அவர் போற்றப்படுகிறார்.

பாலு 1870களின் நடுவில் தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் புரிந்த அவர் குலத்தாரைச் சமுதாயம் தீண்டாதார் என விலக்கி வைத்திருந்தது. தந்தையார் படைத்துறையில் பணியாற்றியமையால் குடும்பம் பூனா நகரில் வாழ்ந்தது. அங்கே படை அதிகாரிகள் விட்டுச்சென்ற பழைய மட்டையும் பந்தும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடிப் பழகினர்.

வறுமை அவரை இளமையிலேயே வேலைக்கு அனுப்பியது. ஐரோப்பியரின் பூனா சங்கத்தில் மாதம் 4 ரூபாய் ஊதியத்தில் ஆடுகளத்தைச் சமப்படுத்துவதும், கோடிடுவதும், வலை கட்டுவதும் அவர் பணிகள். நாளடைவில், பயிற்சி பெறும் ஐரோப்பியருக்குப் பந்து வீசவும் பணிக்கப்பட்டார். ஜே. ஜி. கிரெய்க் என்னும் சிறந்த மட்டையாளர் நாள்தோறும் அவர் பந்துகளை எதிர்கொண்டார். எனினும், மட்டை பிடிக்கும் வாய்ப்பு பாலுவுக்கு அளிக்கப்படவில்லை. கிடைத்த ஒரே வாய்ப்பையே அவர் கல்விக்கூடமாக்கிக் கொண்டார். வேகத்தை மாற்றியும், பந்தை இருபுறமும் திருப்பியும் வீசும் கலை அவருக்குக் கைவந்தது.

அவர் திறமையை அறிந்த பூனா இந்துக்கள், ஐரோப்பியரை வெல்ல விரும்பி அவரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டனர். ஆயினும் என்ன? ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தைப் பிறரும் தொட்டனர். களத்திற்கு வெளியே அவர் தனியே அமர்ந்து உண்டார். பிறருக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் வழங்கப்பட, அவருக்கு மண்குவளையில் வெளியே வழங்கப்பட்டது. இவ்விழிவுகளைத் தாங்கிக்கொண்டு அவர் தம் ஆட்டத்தாலேயே விடை கூறினார்.

பின்னர் அவர் பம்பாய்க்குச் சென்று, இந்து ஜிம்கானா அணியின் தூணாக விளங்கினார். 1906ஆம் ஆண்டு இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றனர். ஆண்டவரை ஆளப்பட்டோர் வென்ற அச்செய்தி நாடெங்கும் மகிழ்ச்சியை விளைத்தது. அவ்வெற்றியில் பாலுவின் பங்கு பெரிது.

1911இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது, பாலு தோற்கவில்லை. அப்பயணத்தில் மட்டும் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒவ்வொன்றுக்கும் அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 19க்கும் குறைவே. இங்கிலாந்து வல்லுநரும் அவரைப் பாராட்டினர்.

இத்தகையவருக்கு இந்து அணியின் தலைமை கிட்டியதா? இல்லை. ஆண்டுகள் பல கடந்தும் அது பிறருக்கே வழங்கப்பட்டது. 1920இல் அவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பியர் சிவராமும் விட்டலும் அதனைக் கண்டித்து ஆட மறுத்தனர். மக்களும் அவர்கள் பக்கம் நின்றனர். இறுதியாட்டத்தில் பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். தலைவர் பாய் சிறிது நேரம் களம் நீங்கி, அவரே அணியை நடத்துமாறு செய்தார். 1923இல் விட்டல் அணித்தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்றபோது, உயர்குலத்தார் எனப்பட்டோரே விட்டலைத் தோளில் சுமந்து கொண்டாடினர். அண்ணன் விதைத்ததைத் தம்பி அறுத்தார்.

ஆட்டத்தினின்று ஓய்வு பெற்ற பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932இல் உருவான பூனா ஒப்பந்தத்தில் சென்னைத் தலைவர் எம். சி. ராஜாவுடன் அவரும் கையொப்பமிட்டார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1955ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பம்பாயில் காலமானார்.

முதல்தர ஆட்டங்கள் 33இல் பாலு வீழ்த்திய விக்கெட்டுகள் 179. இவ்வெண்கள் அவர் திறமையைக் காட்டும். மண்குவளையைக் கையில் தந்தவர்களுக்காகவும் மனம் கோணாது வெற்றி தேடித் தந்தமை அவர் பெருமையைக் காட்டும். திறமைக்குக் குலம் இல்லை என்பதை அவர் வாழ்வு மெய்ப்பித்தது. அதனை உணர்ந்து நடத்தலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.