கோதாவரியை வளமாக்கிய காட்டன்

விடுமுறைக்கு விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் ஊர் செல்லும் நாம், ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றின் அகலத்தைக் கண்டு வியக்கிறோம். அதற்குச் சில மைல் கீழே, தவளேஸ்வரத்தில் உள்ள அணையை நினைப்பவர் நம்மில் சிலரே. சென்ற விடுமுறையில் நான் இறங்கிச் சென்று அதைப் பார்த்தேன். அந்த அணையின் வரலாறு காவிரிக் கரையில் தொடங்குகிறது. ஆதலால், அதைக் கட்டியவரைப் பற்றி நம் மலரில் எழுத விரும்பினேன்.

ஆர்தர் காட்டன் 1803-ல் பிறந்தவர். 1821-ல், பதினெட்டு வயதில், கம்பெனியின் ராணுவப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்தார். அக்காலத்தில் காவிரி நீர் பெரும்பாலும் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு ஓடியது; காவிரியின் படுகை மண் மேடிட்டு, தஞ்சை வயல்கள் வறண்டு வந்தன. 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில், முக்கொம்பில், காட்டன் மேலணையைக் கட்டினார். காவிரிக்கு மீண்டும் நீர் வந்தது.

பாறையே இல்லாத மணல் ஆற்றில் அடித்தளம் இடுவது எப்படி? இதை அவருக்குக் கற்பித்தது எந்தக் கல்லூரியும் அன்று. கரிகாலன் கட்டியதாக நாம் போற்றும் கல்லணையே. மணலில் கற்களைப் போட்டால் அவை அமிழ்ந்துகொண்டே போய் ஓர் அளவில் உறுதியாக நின்றுவிடும், அதன்மேல் கட்டலாம். பழந்தமிழர் கண்ட இந்த முறையைக் கற்றுக்கொண்டதை அவர் மறைக்கவில்லை.

அந்த அறிவோடு அவர் கோதாவரிக்குச் சென்றார். 1830-களின் பஞ்சமும் 1839-ன் புயலும் அந்நாட்டைச் சீரழித்திருந்தன. மக்கள் தொகையும் நிலவரியும் குறைந்திருந்தன. பெரிய ஆறு அருகிலேயே ஓடியும் வயலுக்கு நீர் இல்லை. உழவனிடம் உழைப்பு இருந்தது, மண் இருந்தது. ஆனால் ஆற்றை மறிக்கும் வலிமை தனி ஒருவனுக்கு ஏது? அதை அரசாங்கமே செய்ய வேண்டும். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றினால் அன்றைய பசி தீரும்; அணை கட்டினால் ஆண்டுதோறும் விளைச்சல் பெருகும். காட்டன் மேலதிகாரிகளிடம் மன்றாடியது இதைத்தான். கம்பெனி இசைந்ததற்கு இரக்கத்தைவிட வரி வருவாயே பெரிய காரணம் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

1847-ல் தொடங்கிய வேலை 1852-ல் முடிந்தது. ஆற்றுத் தீவுகளுக்கு இடையே நான்கு பகுதிகளாக அணை எழுந்தது. வீணம் வீரண்ணா என்ற ஆந்திரர் இப்பணியில் காட்டனுக்கு வலக்கையாக இருந்தார். வாய்க்கால்கள் பாசனத்துக்கு மட்டுமின்றிப் படகுப் போக்குவரத்துக்கும் பயன்பட்டன. விளைந்த நெல் குறைந்த கூலியில் சந்தை சேர்ந்தது. அப்படிச் சேராவிட்டால், கூடுதலாக விளைந்து என்ன பயன்? 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகள் மடிந்தபோது, கோதாவரிச் சமவெளி தானும் உண்டு, பிறருக்கும் நெல் அனுப்பியது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. இந்த வெற்றியைக் கண்ட காட்டன், நீரைக் கொண்டுவந்தால் எங்கும் வளம் பெருகும் என்று நம்பினார். அவர் ஊக்கத்தால் எழுந்த ஒரு தனியார் கம்பெனி, அரசாங்கம் வட்டிக்கு உறுதி கொடுத்த முதலீட்டைக் கொண்டு, சுங்கேசுலாவிலிருந்து கர்நூல்-கடப்பைக் கால்வாயை வெட்டியது. அங்கு இருந்ததோ பெரும்பாலும் கரிசல் நிலம். ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும் அம்மண்ணில் சோளமும் பருத்தியும் மழையிலேயே விளைந்தன. நஞ்சை ஆக்க வேண்டுமானால் நிலத்தைச் சமன் செய்து வரப்புப் போட வேண்டும். மாடும் எருவும் பணமும் வேண்டும். தண்ணீர்த் தீர்வையும் கட்ட வேண்டும். குடியானவர்கள் பலர் நீரை வாங்கவில்லை. கம்பெனி நொடித்தது, 1882-ல் அரசாங்கமே அதை விலைக்கு வாங்கியது.

இதற்கிடையே, 1878-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவின் முன் காட்டன் விசாரணைக்கு நிற்க நேர்ந்தது. இருப்புப்பாதைக்குக் கோடிக்கணக்கில் கொட்டும் அரசாங்கம் கால்வாய்க்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று அவர் வாதாடினார். குழு அவரை முழுதும் ஏற்கவில்லை. 1899-ல், தொண்ணூற்றாறு வயதில், இங்கிலாந்தில் மறைந்தார்.

அவர் கட்டிய அணைக்குப் பதில் பின்னாளில் எழுந்த புதிய அணை 1982 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சுமார் பத்து லட்சம் ஏக்கர் அதனால் பயன்பெறுகிறது.

விஞ்ஞானம் படிக்கும் நான் இந்த வாழ்க்கையிலிருந்து பெறுவது இரண்டு பாடங்கள். தனி மனிதனால் ஆகாததை அரசு செய்து கொடுத்தால், நாட்டின் உற்பத்தித் திறன் தலைமுறை தலைமுறையாக உயரும். ஆயினும் ஓரிடத்தில் பலித்த வழி வேறிடத்தில் பலிக்க, அந்த மண்ணையும் மக்களையும் கேட்டறிய வேண்டும். கல்லணையிடம் பாடம் கேட்ட காட்டன், கரிசல் உழவனிடமும் கேட்டிருக்கலாம்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ராஜமுந்திரியில் ஒரு நாள் இறங்கிப் பாருங்கள். தவளேஸ்வரத்தில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலையும் உண்டு.