மம்மிகளின் மருத்துவர்

இறந்து மூவாயிரம் ஆண்டுகள் கழிந்த மனிதனுக்கு இருந்த நோயைக் கண்டறிய இயலுமா? இயலும் என்று சோதனைச்சாலையில் காட்டியவர் சர் மார்க் ஆர்மண்ட் ரஃபர். 1859-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். இங்கிலாந்தில் மருத்துவம் கற்றார். பாரிசில் பாஸ்டர், மெச்னிக்கோவ் ஆகியோரிடம் பயின்றார்.

லண்டனில் தொண்டை அடைப்பான் நோய்க்குரிய சீரத்தை ஆராய்ந்தபோது அந்நோய் அவரையே பற்றியது. உயிர் தப்பினார், ஆனால் வாதம் கண்டது. உடல் தேற எகிப்து சென்றவர், 1896-இல் கெய்ரோ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். மக்கா சென்று திரும்பும் யாத்திரிகர் வழியே காலரா நுழையாமல் காப்பது பின்னர் அவருடைய பெரும் பொறுப்பாயிற்று. மம்மிகளை ஆராய்ந்ததெல்லாம் ஓய்வு நேரத்தில்தான்!

மம்மியின் தசை தொட்டால் பொடியாகும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க மெல்லிய சீவலாக அதை அறுப்பது எப்படி? தண்ணீர் 50 பங்கு, ஆல்கஹால் 30 பங்கு, நூற்றுக்கு 5 வீதமுள்ள சோடியம் கார்பனேட் கரைசல் 20 பங்கு கலந்து அதில் ஊறவைத்தார்; தசை இளகியது. சோடியம் கார்பனேட் வேறொன்றுமன்று, நம் வீட்டுச் சலவைச் சோடாதான். பண்டை எகிப்தியர் பிணத்தை உலர்த்தப் பயன்படுத்திய நேட்ரான் உப்பிலும் அது உண்டு. உலர்த்திய பொருளே இளக்கவும் உதவிய வேடிக்கையை என்னென்பது!

1910-இல், இருபதாம் அரச மரபுக் காலத்து இரு மம்மிகளின் சிறுநீரகங்களில் பில்கார்சியா புழுவின் முட்டைகளைக் கண்டார். அவர் காலத்து நைல் உழவர்களை வாட்டிய அதே புழு!

அவ்வாண்டிலேயே எலியட் ஸ்மித்துடன் சேர்ந்து, ஆமன் கோயில் பூசகர் நெஸ்பெரெஹானின் உடலை ஆராய்ந்தார். முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுந்திருந்தது. கூன் மட்டுமே என்றால் அடிபட்டதாலும் நேர்ந்திருக்கலாம். ஆனால் இடுப்புத் தசையில் பெரியதொரு சீழ்க்கட்டியின் தடமும் இருந்தது. இரண்டையும் சேர்த்து நோக்கியே முதுகெலும்புக் காசநோய் என்று துணிந்தனர். எலும்பின் உருவை மட்டும் கண்டு தீர்ப்பளிக்க விரைவோர் இந்தப் பொறுமையைக் கவனிக்க வேண்டும். 1997-இல் தீப்ஸ் நகரத்து வேறொரு மம்மியின் நுரையீரலிலிருந்து காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வையே பிரித்துக் காட்டினர். ரஃபரின் காலத்தில் அத்தகைய கருவி ஏது?

முதல் உலகப் போரின்போது, கிரேக்கருக்குச் சுகாதார ஏற்பாடுகள் செய்ய சலோனிக்கா சென்று திரும்புகையில், 1917-இல் அவர் பயணம் செய்த கப்பல் டார்ப்பிடோவால் தாக்கப்பட்டு மூழ்கியது. சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளை ராய் மூடி என்ற அமெரிக்கர் தொகுக்க, 1921-இல் அவை ஒரே நூலாக வெளிவந்தன.