யூஜின் சாண்டோ

யூஜின் சாண்டோ (ஏப்ரல் 2, 1867 - அக்டோபர் 14, 1925) பிரசியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த உடற்கட்டுக் கலைஞர் ஆவார். இவர் தற்கால உடற்கட்டுக் கலையின் தந்தை எனக் கருதப்படுகிறார். இவருக்கு முன்பிருந்த வலிமையாளர்கள் எவ்வளவு பளுவைத் தூக்கினார்கள் என்பதையே மக்கள் காண வந்தனர். பளுவைத் தூக்கியதால் வளர்ந்த தசையையே காட்சியாக்கியவர் சாண்டோ.

இளமை

இவரது இயற்பெயர் பிரீட்ரிக் வில்லெம் முல்லர். பிறந்த ஊர் கோனிக்சுபெர்க். இது இன்று உருசியாவில் கலினின்கிராட் என்ற பெயரில் உள்ளது. இளமையில் மெலிந்திருந்த தாம் இத்தாலியில் பண்டைய சிலைகளைக் கண்டு உடலை வளர்க்கத் தொடங்கியதாக இவர் பின்னாளில் கூறிவந்தார். விளம்பரத்துக்கு ஏற்ற கதை என்பதால் இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. பிரசெல்சு நகரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய லூயி அட்டிலா என்பவரிடம் கனமான பளுக்களைக் கொண்டு பயிற்சி பெற்றார் என்பது உறுதியான செய்தி.

மேடையில்

1889 ஆம் ஆண்டில் இலண்டனில் சாம்சன் என்ற வலிமையாளரைப் போட்டியில் வென்று சாண்டோ புகழடைந்தார். 1893 இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது புளோரன்சு சீக்பெல்டு இவரது நிகழ்ச்சிகளை நடத்தினார். பார்வையாளர்கள் பளுவைவிட இவரது தசைகளையே மிகுதியாக உற்றுநோக்குவதைக் கண்ட சீக்பெல்டு, தசைகளை முறுக்கிக் காட்டுவதை நிகழ்ச்சியின் முதன்மைப் பகுதியாக்கினார். 1894 இல் எடிசன் நிறுவனம் எடுத்த குறும்படத்திலும் சாண்டோ எதையும் தூக்கவில்லை; தசைகளை மட்டுமே காட்டுகிறார்.

பயிற்சி முறையும் தசை வளர்ச்சியும்

1897 இல் இலண்டனில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கிய சாண்டோ, அடுத்த ஆண்டு ஓர் இதழையும் வெளியிட்டார். அஞ்சல் வழியாகவும் பயிற்சி அளித்தார். மாணவர்களுக்கு இவர் பரிந்துரைத்தது சில பவுண்டு எடையுள்ள இலேசான டம்பெல்களையே. பயிற்சியின்போது மனத்தை அந்தத் தசையிலேயே செலுத்த வேண்டும் என்பது இவரது கொள்கை. இதற்காகவே கைப்பிடி இரண்டாகப் பிளக்கப்பட்டு நடுவில் சுருள்வில் பொருத்தப்பட்ட டம்பெல்லை விற்றார். பிடி தளர்ந்தால் வில் விரிந்துவிடும். எனவே பயிற்சி முழுவதும் அதனை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

தாம் கனமான பளுவால் பெற்ற உடலைக் காட்டி இலேசான டம்பெல்களை விற்றார் என்ற குற்றச்சாட்டு இவர்மீது உண்டு. இது ஓரளவு நியாயமானதே. எனினும் முறை முற்றிலும் பொய்யன்று. தசை வளர முதன்மைக் காரணம் தசையிழைகள்மீது ஏற்படும் இழுவிசை ஆகும். இவ்விசையை உணரும் இழைகள் புரத உற்பத்தியைக் கூட்டுகின்றன. சிதையும் புரதத்தைவிட உருவாகும் புரதம் தொடர்ந்து மிகுதியாக இருந்தால், வாரக்கணக்கில் இழைகள் பருக்கின்றன. இழைகளை ஒட்டியுள்ள துணை உயிரணுக்கள் அவற்றோடு இணைந்து புதிய உட்கருக்களை அளிக்கின்றன. இழைகளின் எண்ணிக்கை பெரிதும் மாறுவதில்லை. இலேசான எடையாயினும், தசை களைத்து மேலும் தூக்க இயலாத நிலைக்கு அருகில் வரும்வரை செய்தால், ஏறக்குறைய கனமான எடைக்கு ஒப்பான பருமன் கிடைக்கிறது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மிகுந்த பளுவைத் தூக்கும் வலிமை கனமான எடையால்தான் நன்கு கூடுகிறது. களைப்படையாமல் சில முறை வீசிவிட்டு நிறுத்திய மாணவருக்கு டம்பெல்லால் பெரிய பயன் இருந்திராது.

பயிற்சி முடிந்தவுடன் தசை புடைத்துத் தோன்றுவது வேறு. தசைக்குள் குருதியும் நீரும் மிகுவதால் ஏற்படும் இவ்வீக்கம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

1901 போட்டி

செப்டம்பர் 14, 1901 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் சாண்டோ நடத்திய போட்டி, முதலாவது பெரிய உடற்கட்டுப் போட்டியாகக் கருதப்படுகிறது. சிற்பி சார்லசு லாசு, செர்லாக் ஓம்சு கதைகளின் ஆசிரியர் ஆர்தர் கொனன் டொயில் ஆகியோர் சாண்டோவுடன் நடுவர்களாக இருந்தனர். மிகப் பெரிய தசை உடையவருக்கே பரிசு என்றில்லாமல், உடலின் சமச்சீர், தோலின் நிலை, பொதுவான உடல்நலம் ஆகியவையும் மதிப்பிடப்பட்டன. நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே வென்றார்.

பிற்காலம்

சாண்டோ 1904-05 இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். தண்டாலும் கர்லாக்கட்டையும் நெடுங்காலமாக வழங்கிவந்த நாட்டுக்கு இப்பயிற்சி புதியதன்று. ஆயினும் இவரது பெயர் இங்கு வலிமையைக் குறிக்கும் பட்டமாகவே நிலைத்தது. தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவரின் பெயரில் உள்ளது இப்பட்டமே.

1906 இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற சாண்டோவை, 1911 இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தமது உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். இவரது கொக்கோ நிறுவனம் முதல் உலகப் போர்க் காலத்தில் வீழ்ச்சியடைந்தது.

சாண்டோ 58 ஆம் அகவையில் இலண்டனில் இறந்தார். பள்ளத்தில் சிக்கிய தானுந்தைத் தனியே தூக்கியதால் இறந்தார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. மனைவியின் விருப்பப்படி பட்னி வேல் இடுகாட்டில் பெயர்க்கல் இன்றி அடக்கம் செய்யப்பட்டார். அங்கு பெயர்க்கல் வைக்கப்பட்டது 2002 ஆம் ஆண்டில்தான். மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்பவருக்கோ 1977 முதலே சாண்டோவின் சிறு சிலை பரிசாக வழங்கப்பட்டு வருகிறது.