சீன மலைகளில் சோலாப்பூர் டாக்டர்

1938-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1-ந் தேதி. பம்பாய்த் துறைமுகத்தில் இருந்து 'ராஜ்புதானா' என்ற கப்பல் புறப்பட்டது.

அந்தக் கப்பலில் ஐந்து இந்திய டாக்டர்கள் இருந்தார்கள். அவர்கள் பணம் தேடிப் போகவில்லை. பட்டம் வாங்கவும் போகவில்லை. சீனாவில் நடந்துகொண்டிருந்த யுத்தத்தில் காயம் அடைந்தவர்களுக்கு வைத்தியம் செய்யப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் துவாரகநாத் கோட்னிஸ். அப்போது அவருக்கு வயது 27.

ஓர் ஆண்டு தொண்டு செய்துவிட்டுத் திரும்புவது என்பது ஏற்பாடு. மற்ற நால்வரும் திரும்பினார்கள். கோட்னிஸ் திரும்பவில்லை.

ஏன்? அதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

மேல்படிப்பை விட்டார்

கோட்னிஸ் 1910-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி சோலாப்பூரில் பிறந்தார். மராட்டிய நாட்டில் நெசவு ஆலைகள் நிறைந்த ஊர் அது. அவருடையது நடுத்தரக் குடும்பம். பம்பாயில் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். மேல்படிப்புக்கும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

1937-ம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பான் சீனாவின் மீது பெரும் படையெடுப்பைத் தொடங்கியது. நகரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. காயம் பட்டவர்களைக் கவனிக்க டாக்டர்கள் போதவில்லை. சீனத் தளபதி சூ டே, ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார்.

இந்தியாவே அப்போது அடிமை நாடு. ஆனாலும் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ், சீனாவுக்கு உதவும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். மக்கள் பணம் கொடுத்தார்கள். மருந்துகளும் ஓர் ஆம்புலன்ஸ் வண்டியும் தயார் ஆயின.

டாக்டர்களும் முன்வந்தார்கள். அலகாபாத் அடல் தலைவர். அவர் முன்பே ஸ்பெயின் நாட்டு யுத்தத்தில் தொண்டு செய்தவர். நாகபுரி சோல்கர், கல்கத்தா பாசு, முகர்ஜி ஆகியோர் சேர்ந்தார்கள். கோட்னிஸும் படிப்பை நிறுத்திவிட்டுப் பெயர் கொடுத்தார்.

தந்தை இறந்த செய்தி

சீனாவில் இந்தியர்களுக்குச் சீனப் பெயர்கள் சூட்டப்பட்டன. கோட்னிஸ், 'கே டிஹுவா' ஆனார். 'ஹுவா' என்றால் சீனா என்று பொருள். ஐவர் பெயரிலும் அந்தச் சொல் சேர்க்கப்பட்டது.

யுத்த காலத் தலைநகரான சுங்கிங்கில் அவர்கள் தங்கியிருந்தபோது கோட்னிஸுக்கு ஒரு செய்தி வந்தது. சோலாப்பூரில் அவருடைய தந்தை காலமாகிவிட்டார்!

வீட்டில் தாய் இருந்தார். உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நண்பர்களும் போகச் சொன்னார்கள்.

கோட்னிஸ் மனம் கலங்கினார். ஆனால் போகவில்லை. ஏற்றுக்கொண்ட வேலையை முடிக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்தார்.

குகையில் ஆஸ்பத்திரி

1939-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஐவரும் யேனான் போய்ச் சேர்ந்தார்கள். கம்யூனிஸ்டுத் தலைவர் மாசேதுங் தங்கியிருந்த ஊர் அது. அங்கே மஞ்சள் மண் குன்றுகளைக் குடைந்து குகைகள் செய்திருந்தார்கள். மக்கள் குகையில் வசித்தார்கள். ஆஸ்பத்திரியும் குகையில்தான். ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு அதுவே பாதுகாப்பு.

ஓர் ஆண்டு முடிந்தது. முகர்ஜியும் சோல்கரும் திரும்பினார்கள். பிறகு நோய் காரணமாக அடலும் திரும்பினார். கோட்னிஸும் பாசுவும் போர்முனைக்குப் போக விரும்பினார்கள்.

பெய்ஜிங் நகருக்குத் தென்மேற்கே உள்ள மலைப் பிரதேசம் அது. சுற்றிலும் ஜப்பானியர்கள். நடுவில் சீனக் கெரில்லாப் படைகள். பெத்யூன் என்ற கனடா நாட்டு டாக்டர் அங்கே தொண்டு செய்துவந்தார். ஆபரேஷன் செய்யும்போது கத்தி பட்டு விரலில் ஏற்பட்ட சிறு காயம், அவருடைய ரத்தத்தை விஷமாக்கிவிட்டது. 1939-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் இறந்தார். அவர் விட்ட இடத்துக்குத்தான் கோட்னிஸ் போனார்.

அன்றாட வேலை

அங்கே ஆஸ்பத்திரி என்று ஒரு கட்டிடம் கிடையாது. கிராமத்து வீடுகளே ஆஸ்பத்திரி. குடியானவர்களின் வீட்டுத் திண்ணையிலும் படுக்கையிலும் நோயாளிகள் கிடந்தார்கள். எதிரி நெருங்கினால், அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு மலைக்குள் போகவேண்டும். ஆபரேஷன் கருவிகள் கோவேறு கழுதையின் முதுகில் வரும்.

மருந்து அபூர்வம். கட்டுத் துணியைத் துவைத்துக் காயவைத்து மறுபடியும் கட்டுவார்கள். சாப்பாடு பெரும்பாலும் தினைக் கஞ்சி. எல்லோருக்கும் என்னவோ அதுதான் டாக்டருக்கும். பஞ்சு வைத்துத் தைத்த சீனச் சிப்பாயின் உடையையே கோட்னிஸும் அணிந்தார்.

மொழி தெரியாமல் நோயாளியின் வலியை எப்படி அறிவது? கோட்னிஸ் சீன மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றார். பிறகு அந்த மொழியிலேயே மாணவர்களுக்கு ரண சிகிச்சை சொல்லிக்கொடுத்தார். ஒரு டாக்டர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? பலரை டாக்டர் ஆக்கினால் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றலாம். இதை அவர் அறிந்திருந்தார்.

1940-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சீனப்படை பெரிய தாக்குதல் தொடங்கியது. காயம் பட்டவர்கள் அலை அலையாக வந்தார்கள். மூன்று நாட்கள், 72 மணி நேரம், கோட்னிஸ் தூங்காமல் ஆபரேஷன் செய்தார். அந்தப் போரில் 800-க்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்.

1941-ம் ஆண்டு ஜனவரி மாதம், பெத்யூன் பெயரால் அமைந்த சர்வதேச சமாதான ஆஸ்பத்திரிக்கு அவர் தலைவர் ஆனார். பாசு யேனானுக்குத் திரும்பியிருந்தார். மலைப் பிரதேசத்தில் தங்கிய இந்தியர் கோட்னிஸ் ஒருவர்தான்.

கல்யாணமும் குழந்தையும்

மருத்துவப் பள்ளியில் குவோ சிங்லான் என்ற பெண் நர்சு வேலை கற்றுக்கொடுத்து வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். 1941-ம் ஆண்டின் கடைசியில் கல்யாணம் நடந்தது.

மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆண் குழந்தை பிறந்தது. 'யின்ஹுவா' என்று பெயர் வைத்தார்கள். 'யின்' என்றால் இந்தியா, 'ஹுவா' என்றால் சீனா. இரண்டு நாடுகளும் ஒரு குழந்தையின் பெயரில் சேர்ந்தன. அதே ஆண்டில் கோட்னிஸ் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியிலும் சேர்ந்தார்.

ஆனால் அவருடைய உடம்பு இதற்குள் கெட்டுப்போயிருந்தது. வலிப்பு நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. ஓய்வு எடுக்கும்படியும், வேறு இடம் போய்ச் சிகிச்சை பெறும்படியும் தலைவர்கள் வற்புறுத்தினார்கள். கோட்னிஸ் இணங்கவில்லை. நோயாளிகளைப் பார்த்தார். பாடம் நடத்தினார். எஞ்சிய நேரத்தில் மாணவர்களுக்காக ரண சிகிச்சைப் புத்தகம் எழுதினார்.

புத்தகம் முடியவில்லை. 1942-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி கோட்னிஸ் உயிர் நீத்தார். அவருக்கு வயது 32. குழந்தைக்கு நாலு மாதம்கூட நிறையவில்லை.

இரண்டு சமாதிகள்

சோலாப்பூரில் காத்திருந்த தாய், மகனை மறுபடியும் பார்க்கவில்லை. மகன் யின்ஹுவாவும் தந்தையைப் போல மருத்துவம் படித்தார். ஆனால் படிப்பை முடிக்கும் முன்பே, 1967-ம் ஆண்டு, இறந்துபோனார். கணவனையும் மகனையும் இழந்த குவோ சிங்லான், பல முறை இந்தியா வந்து கணவரின் குடும்பத்தாரைப் பார்த்துச் சென்றார். 2012-ம் ஆண்டு, முதிர்ந்த வயதில் காலமானார்.

1946-ம் ஆண்டு சாந்தாராம், கோட்னிஸின் கதையைச் சினிமாப் படமாக எடுத்து, தாமே கோட்னிஸாக நடித்தார்.

இந்தியாவும் சீனாவும் 1962-ம் ஆண்டு யுத்தம் செய்தன. அதற்குப் பிறகும் மனக்கசப்புகள் வந்தன. ஆனாலும் சீன மக்கள் கோட்னிஸை மறக்கவில்லை.

சீனாவில் ஷிஜியாஜுவாங் நகரில் தியாகிகள் நினைவுப் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு புறம் பெத்யூனின் சமாதி. எதிர்ப்புறம் கோட்னிஸின் சமாதி. ஒருவர் கனடாக்காரர், மற்றவர் சோலாப்பூர்க்காரர். இருவரும் பிறந்தது வேறு வேறு நாடு. இருவரும் காப்பாற்றியது யாரோ பெற்ற பிள்ளைகளை.

ஓர் ஆண்டுக்கு என்று போனவர், நோயாளிகளை விட்டுவர மனம் இல்லாமல் அந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்.