‘ஹி’யை அடித்து ‘ஷி’ எழுதினார்கள்: கிண்டியின் முதல் மாணவி லலிதா யார்?

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இன்று மாணவிகள் கூட்டமாக நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. 1940-ல் நிலைமையே வேறு. அங்கே ஒரே ஒரு மாணவிதான் இருந்தார். அவருக்கு வயது 20-ஐ ஒட்டி. கணவர் இல்லை. வீட்டில் மூன்று வயது மகள்.

அவர்தான் ஏ.லலிதா. இந்தியாவின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர் என்று அறியப்படுபவர்.

15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைம்பெண்

1919-ல் சென்னையில் வாழ்ந்த ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் லலிதா. அப்பா பாப்பு சுப்பாராவ், கிண்டி கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். சகோதரர்களும் இன்ஜினீயர்கள். ஆனாலும் அந்தக் கால வழக்கப்படி 15 வயதிலேயே லலிதாவுக்குத் திருமணம் நடந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பும் நின்றது.

1937-ல் மகள் பிறந்தாள். நான்கே மாதத்தில் கணவர் இறந்துபோனார். இளம் விதவைகள் வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. லலிதா முடங்கவில்லை. ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்து, முதல் வகுப்பில் தேறினார்.

ஏன் டாக்டர் ஆகவில்லை?

அன்று படித்த பெண்களுக்கு இருந்த கௌரவமான வழி மருத்துவம். ஆனால் ராத்திரி, பகல் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய வேலை அது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது சரிப்பட்டு வராது என்று லலிதா நினைத்தார். காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் வேலை வேண்டும். அதனால் இன்ஜினீயரிங்கைத் தேர்ந்தெடுத்தார்.

146 வருஷம் கழித்து...

கிண்டி கல்லூரியின் தொடக்கம் 1794-ல் ஆரம்பிக்கப்பட்ட நில அளவைப் பள்ளி. அது 1859-ல் பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டி வளாகத்துக்கு வந்தது. இத்தனை காலமும் அது ஆண்களின் இடமாகவே இருந்தது.

சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம்.ஸ்டாதமும் சம்மதித்தார். அப்பா அதே கல்லூரியில் பேராசிரியராக இல்லாமல் இருந்தால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான்.

அனுமதி கிடைத்தது, துணைதான் இல்லை. நூற்றுக்கணக்கான ஆண்கள் படித்த வளாகத்தில் ஹாஸ்டலில் தனியாக இருந்தார் லலிதா. மகள் உறவினர் வீட்டில் வளர்ந்தாள்; வார இறுதியில்தான் பார்க்க முடியும். மகளின் தனிமையைப் பார்த்த சுப்பாராவ், பெண்களையும் சேர்ப்பதாக விளம்பரம் செய்யக் கல்லூரியைச் சம்மதிக்க வைத்தார். மறு வருஷமே லீலம்மா ஜார்ஜ், பி.கே.த்ரேசியா இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தனர். இதில் த்ரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதா பட்டம் பெற்றபோது ஒரு சிக்கல். சான்றிதழில் ஆண்களைக் குறிக்கும் ‘ஹி’ என்ற சொல்லே அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்து ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பக்ரா நங்கல் வரை

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருடம் பயிற்சி. பிறகு சிம்லாவில் மத்திய அரசு வேலை. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின் பாதைகளையும் துணை மின் நிலையங்களையும் வடிவமைப்பதுதான் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின் திட்டத்திலும் அவர் பங்கு உண்டு.

1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டார். லண்டன் மின் பொறியாளர் நிறுவனம் 1966-ல் அவரை முழு உறுப்பினராக்கியது. லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளைப் படிக்க வைத்தார். 1977-ல் ஓய்வு பெற்றார்.

அடுத்த ஆண்டு, 1978-ல் கிண்டி கல்லூரியையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. 1979-ல், 60 வயதில் லலிதா காலமானார்.

வேலையா, குழந்தையா என்ற கேள்வி இன்றும் ஐ.டி. அலுவலகங்களில் பெண்களிடம் மட்டும்தான் கேட்கப்படுகிறது. அந்தக் கேள்விக்கு இரண்டும்தான் என்று பதில் தேடிப் போன ஓர் அம்மாவால்தான் கிண்டியின் கதவு பெண்களுக்குத் திறந்தது.